பன்னிரண்டு தசம் நாலு

ஓல்ரனில் மார்கழி.
ஆரே ஆற்றுப் புகார் யன்னலில் ஒட்டிக்கிடக்க
பத்துமணிச் சட்டத்துக்கு முன்னம்
குளிக்க ஓடினாள் சுகிர்தா,
கைபேசியை மேசையில் விட்டு.

கதவுக்கு அப்பால் வெந்நீர் இரைகிறது.
இங்கே இலக்கம் ஏறுகிறது:
ஏழு. ஒன்பது தசம் எட்டு.
பன்னிரண்டு தசம் நாலு.
அம்புக்குறி நிமிர்ந்து நிற்க
அலறுகிறது.

இரவுக்கு ஒரு தோசைதான் தின்றாள்.
பிறகு வேறென்ன?
பேக்கரியில் வேலை. ஏப்ரன் பைக்குள்
எத்தனையும் ஒளிக்கலாம்.
தேன் பிஸ்கற் தகரத்தைத் திறந்தேன்.
நேற்று ஒன்பது.
இன்றும் ஒன்பது.
எண்ணி வைத்திருந்தேன் என்பது
அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆவியோடு வந்தாள்.
சிவந்த புயத்தில்
வெள்ளை வில்லை மட்டும் வெளிறியிருந்தது.
"சுடுதண்ணி பட்டால் உது பொய் சொல்லும்."
விரலைத் துடைத்து, குத்தி,
ஒரு துளியைக் காட்டினாள்:
ஆறு தசம் மூன்று.

அரைமணியில் அம்பு கீழே சாய்ந்தது.
ஏற்றிய இன்சுலினையும்
சூடு அவசரப்படுத்துமாம்.
நெற்றி வியர்க்க, விரல் நடுங்கத்
தகரத்தைக் கேட்டாள்.

திறந்து கொடுத்தேன்.
"எட்டு" என்றாள் கடித்தபடி.
"குறிச்சு வையுங்கோ."