செத்தது ஒன்று

பதினோரு மீட்டர் ஆழத்தில்
மணல்மேல் ஒருக்களித்துக் கிடக்கும் அது.
வெளுத்த உடம்பில் பழுப்புத் திட்டுகள்,
அழுகத் தொடங்கிய எதற்கும் இருக்குமே, அப்படி.
செவுள் அசைவது தெரியவே தெரியாது.

கலிகோனோ என்பார்கள் மலாவி ஏரியின் எங்கள் கரையில்.
தூங்குகிறவன்.
தூக்கமில்லை அது, வேலை.
பிணம் கொத்தப் பொடிமீன்கள் வரும்.
முதல் கொத்துக்கு விடும்,
சில நேரம் இரண்டாவதற்கும்.
பிறகு பொடிமீன் இருக்காது.
மணல் மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கும்.

என் வாயில் ரப்பர் குழாய்.
மறுமுனை படகில், ஸியோனேயின் காலடியில்,
டயருக்குக் காற்றடித்த பழைய இயந்திரத்தில்.
பெட்ரோல் வாசனையோடுதான் மூச்சு வரும்.
மற்ற மீன்களுக்கு வலை, துரத்தல், பாறையிடுக்கில் முழங்கைச் சிராய்ப்பு.
இவனுக்கு ஒன்றும் வேண்டாம்.
வேடத்தைக் கலைக்க மனசில்லாமல்
கடைசி விரற்கடை வரை கிடப்பான்.
கையாலேயே அள்ளியிருக்கிறேன்.

சட்டென்று மேலே கொண்டுவந்தால் வயிறு ஊதிவிடும்.
டிரம்மில் அடைத்து
நாளுக்கு மூன்று மீட்டராக உயர்த்துவோம்.
நாலாம் நாள்தான் வெயில்.

கொட்டகையில் குமாஸ்தா கம்வெண்டோ
பிளாஸ்டிக் பைகளைத் தட்டித் தட்டி எண்ணினான்.
ஜெர்மனிக்கு நாற்பது.
முப்பத்தொன்பதாவது பையில்
அது ஒருக்களித்துக் கிடந்தது.
'செத்தது ஒன்று' என்று எழுதி
என் கூலியில் கழித்தான்.
நடிக்கிறது, என்றேன்.
செத்ததற்கெல்லாம் நீங்கள் இதைத்தான் சொல்கிறீர்கள், என்றான்.

பையோடு படகேறினேன்.
ஸியோனே ஒன்றும் கேட்கவில்லை.
இயந்திரத்தின் கயிற்றை இழுத்தாள்,
மூன்றாம் இழுப்பில் பற்றிக்கொண்டது.

அதே மணல்.
முடிச்சை அவிழ்த்தேன்.
நழுவி விழுந்தது,
நான் அள்ளிய அன்று மேலாக இருந்த அதே பக்கம் மேலாக.
எதிரே நானும் குப்புறப் படுத்தேன்.
கண் என்னைப் பார்த்தது.
இல்லை, என் பக்கம் திறந்திருந்தது.

நீலப் பொடி ஒன்று வந்தது.
சுற்றியது. போனது. திரும்பி வந்து
வால் நுனியைக் கொத்தியது.
ஒன்றுமில்லை.
இரண்டாவது கொத்து, துடுப்பில்.
ஒன்றுமில்லை.
என் குமிழிகளுக்குப் பயந்துவிடுமோ என்று
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
கை, கால், இமைகூட அசைக்கவில்லை.
பொடிமீன் இன்னும் நெருங்கியது.

குமிழி நின்றதைப் பார்த்து
மேலே ஸியோனே
குழாயைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.