ஆறுக்கு ஆறு

கலியாணத்துக்குப் பத்துப் பார்ப்பார்கள்.
எங்கள் மாடியில் ஆறு.
தாயிடமிருந்து மூன்று, தகப்பனிடமிருந்து மூன்று.
கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான்
ஆறும் ஒத்துவரும் என்பது கணக்கு.

கஜீபனுக்கு ஆறும் ஒத்துவந்தது.
அக்காவின் சீரத்தில் அவன் அணுக்களை விட்டுக்
காத்திருந்து பார்த்தார்கள். ஒன்றும் சாகவில்லை.
நெகட்டிவ் என்று தாளில் அடித்து வந்தது.
கொழும்பிலேயே இந்த ஒரு மாடியில்தான்
இல்லை என்றால் ஆம்.

பிறகு, வழக்கப்படி, அவனைத் தனியே கூப்பிட்டோம்.
டொக்டர் சிங்களத்தில் கேட்டார்,
நான் தமிழில் கேட்டேன்:
மனவிருப்பத்தோடுதானா?
மருதானைப் பக்கமிருந்து மழை வந்துகொண்டிருந்தது.
ஓட்டோச் சாவியை மேசையில் வைத்தான், எடுத்தான்,
திரும்பவும் வைத்தான்.
"ஏலாது மிஸ். பயமாக் கிடக்கு.
அக்காட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."
மொழிபெயர்க்க அரை நிமிசம்கூட ஆகவில்லை.

டொக்டர் ஏன் என்று கேட்கவில்லை.
படிவத்தில் ஒரு வரி எழுதினார்:
வைத்தியக் காரணங்களால் பொருத்தமற்றவர்.
பயந்தவன் சத்தமில்லாமல் போவதற்குத்
திறந்து வைத்திருக்கும் பின்கதவு அந்த வரி.
நல்ல ஏற்பாடு. புதிதாக வரும் தாதிமாருக்கு
நானே அதன் நியாயத்தை விளக்கியிருக்கிறேன்.

ஆனால் அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.
ஆகவே அந்த வரி
என் வாயால்தான் போகவேண்டும்.

நிரோஜினி வாங்கில் இருந்தா.
ஊசி ஏறிப் புடைத்த நரம்பின் மேல்
சட்டைக் கையை இழுத்து விட்டிருந்தா.
மடியில் இரண்டு சோற்றுப் பார்சல்.
"பொருந்தேல்லை" என்றேன்.
தெளிவாகத்தான் சொன்னேன்.

அவ என்னைப் பார்க்கவேயில்லை.
எழும்பிப் போய்த்
தம்பியின் முதுகைத் தடவினா.
"அழாதையடா. நீ என்ன செய்வாய்,
ரத்தம் அப்பிடி."

பார்சலை அவிழ்த்து
முட்டையை அவன் பக்கம் தள்ளினா.

நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அந்தத் தாள் என் லாச்சியில்
கவிழ்ந்தபடி கிடக்கிறது.
செவ்வாய், வியாழன், சனி
அவ டயலிசிஸுக்கு வருவா.
விடிய ஆறு மணிக்கே
அவன்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஏற்றிவருவான்.
நாலு மணித்தியாலம், ஹயருக்குப் போகாமல்,
மதிலோரம் ஓட்டோவை விட்டுவிட்டு
நின்றபடியே நிற்பான்.
உள்ளே வரமாட்டான்.