சொந்த ஊர் என்ற கட்டம்

தாது வருஷப் பேரேட்டில்
பிரெஞ்சுச் சாமியாரின் எறும்புக் கையெழுத்து:
பாப்பம்மா, வயது மூன்று, ஞானஸ்நானம்.
சொந்த ஊர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கூழுக்கு நின்ற வரிசையில்
கேட்டிருக்க மாட்டார்.
கேட்டாலும் தாயின் தெலுங்கு புரிந்திருக்காது.

அந்தக் கோட்டின் எள்ளுப்பேரன்தான்
இன்று பங்குப்பேரவைத் தலைவர்.
"வடக்கத்தியானுக்கு எதுக்கய்யா தனிப் பூசை?"
நேற்றும் மேசையைத் தட்டினார்.

தளி ரோஜாக் குடிலிலிருந்து வந்திருக்கிறாள்
சுசானா லக்ரா,
விரலெல்லாம் முள் கீறல், இடுப்பில் பிள்ளை.
ஊர்ப்பெயரை மூன்று தரம் சொன்னாள்;
மூன்று தரமும் வேறு ஊராகக் கேட்டது எனக்கு.
பூசைக்கு இரண்டாம் மணி அடித்துவிட்டது.

பேனாவை அவளிடமே நீட்டினேன்.
முதலில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.
எனக்குத் திக்கென்றது.
பிறகு அதன் அடியில்
ஒவ்வொன்றாக எழுத்துகளைத் தொங்கவிட்டாள்.
கட்டம் போதவில்லை.