தொடர்புகளுக்கு

பேப்பருக்கு நாங்கள்தான் எழுதிக் கொடுத்தோம்.
சுழிபுரம், பரஞ்சோதி, இளைப்பாறிய பஸ் நடத்துநர்.
அன்னாரின் பாசமிகு தம்பி கேதீஸ்வரன், கனடா.
கீழே, தொடர்புகளுக்கு என்று போட்டு
வீட்டு இலக்கம், என் கைபேசி,
ரொறன்ரோவில் அவன் கைபேசி.
ஒரு கள்ளனுக்கு இதைவிட என்ன வேணும்?

பகல் பதினொன்றரை. பறைமேளம் வந்து இறங்கியிருந்தது.
போன் அடித்தது. அங்கே சாமம் ஒரு மணி.
"அக்கா, பாதிக்காசு அனுப்பிப்போட்டன்,
அண்ணையை விட்டுட்டாங்களோ?"

ஆர் விட? எங்கையிருந்து விட?

"மலர்ச்சாலையில இருந்து எடுத்தவங்கள்.
ஒரு லட்சத்து எண்பது கட்டாட்டில்
பிரேதம் தரமாட்டினமாம்.
பொடியன் நல்ல மரியாதையாக் கதைச்சவன் அக்கா,
முதல் அனுதாபம்தான் சொன்னவன்."

திரும்பிப் பார்த்தேன்.
அண்ணை கூடத்தில்தான் கிடந்தார்,
குத்துவிளக்குக்குப் பக்கத்தில், நெற்றி நிறையத் திருநீறு,
நேற்றுப் பின்னேரத்திலிருந்து
ஓரடி அசையாமல்.

"கேதீஸ், அண்ணை இஞ்சதான் படுத்திருக்கிறார்.
வீடியோவில காட்டட்டோ?"

கொஞ்சநேரம் அந்தப் பக்கம்
பனி வழிக்கிற வாகனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.
பிறகு,
"அப்ப நான் ஆருக்கு அனுப்பினனான்?"

மிச்சத்துக்கு அவன் எனக்கே எடுத்தான்.
குரலில் பன்னீர் தெளித்திருந்தது.
"இந்த நேரத்தில கரைச்சல் தாறதுக்கு மன்னியுங்கோ அம்மா,
ஒரு மணித்தியாலத்துக்குள்ள போட்டீங்கள் எண்டால்..."
செத்தவருக்கு என்ன அவசரம்?
கேட்டேன்:
"தம்பி, உங்களிட்ட இருக்கிற பிரேதத்துக்கு
வலக்கையில எத்தினை விரல்?"

எண்பத்தேழில் பஸ் கதவுக்குள் போன சுண்டுவிரல்
காரைநகர் றோட்டுக்கே தெரியும்.
மிச்ச நாலுக்குள்ளும் டிக்கெட் கட்டு, மடித்த தாள்காசு.
சில்லறை இல்லையென்றால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதுவார்;
ஒருக்கால் மூளாய்ச் சந்தியில் பஸ்ஸை நிற்பாட்டி
ஒரு மனிசிக்குப் பின்னால் ஓடினவர், இரண்டு ரூபாயோடு.

"அஞ்சுதானே அம்மா," என்றான்,
யோசித்து.
பிறகு போன் செத்துவிட்டது.

பந்தலுக்குள் கதை பரவ
மச்சாள் ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்,
"செத்தவீட்டில நிண்டு கணக்குப் பாக்கிறாள்."
இந்த வெட்கத்தைத்தான் அவங்கள் முதல் எடுக்கிறாங்கள்,
காசு அதற்குப் பிறகு.
பிணத்துக்கு முன்னால் விலை கேட்டால் பாசமில்லையாம்.
பூட்டைப் போட்டது நாங்கள்,
திறப்பு அவங்கள் கையில்.

ஆகவே உண்மையான மலர்ச்சாலை றெஜினோல்ட் வந்தபோதும்
பில் எங்கே என்றேன்.
எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.
அவர் பார்க்கவில்லை; சட்டைப்பையால் எடுத்து விரித்தார்.
பெட்டி. எம்பாம். வாகனம்.
லைற், இரண்டு நாள்.
"ஒரு நாள்தானே போட்டது?"
"ஓம், பிழைதான்" என்று காதில் செருகிய பேனையால் வெட்டினார்.
அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

திருவடிநிலையில் அன்று கடற்காற்று,
நெருப்பு பிடிக்கச் சுணங்கியது.

பொலிஸில் எழுதிக்கொண்டார்கள்.
வங்கிக் கணக்கு எங்கோ ஒரு கிழவியின் பெயரில், வெறுமையாய்.
"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா" என்றான் கேதீஸ்.
செலவுக் கொப்பியில்
வாழைக்குலைக்கும் தேசிக்காய்க்கும் இடையில் எழுதினேன்:
கேதீஸ் ஏமாந்தது, தொண்ணூறாயிரம்.
இரவு திரும்ப எடுத்து
அவன் பெயரை வெட்டி, நாங்கள் என்று போட்டேன்.

முப்பத்தொன்றுக்குக் கல்வெட்டு அடிக்கச் சுன்னாகம் போனேன்.
அச்சகத்துப் பொடியன் கடைசிப் பக்கத்தில் இடம் விட்டிருந்தான்:
தொடர்புகளுக்கு.
எடுக்கச் சொன்னேன்.
"வெறுமையாக் கிடக்குமே அன்ரி?"

கிடக்கட்டும்.
வாறவைக்கு வீடு தெரியும்.
தெரியாட்டில் பஸ்ஸில கேட்கட்டும்,
இறக்கிவிடுவினம்.