உறைதல்

பிப்ரவரி. ஓர்சாவுக்கு வடக்கே.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று.
பனிவண்டிகளை ஒரு கிலோமீட்டர் முன்பே அணைத்துவிட்டோம்.
இல்வா துப்பாக்கியில் மயக்க ஊசி ஏற்றுகிறாள்.
இருமல் வந்த மாணவன்
ஒரு பிடி பனியை வாயில் போட்டு அடக்கிக்கொள்கிறான்.

பழைய எறும்புப்புற்றைக் குடைந்து செய்த உறைவிடம்.
உள்ளே மூன்று வயதுப் பெண் கரடி.
அக்டோபரிலிருந்து இரை இல்லை, நீர் இல்லை,
ஒரு சொட்டு சிறுநீர்கூட இல்லை.
இழுத்துத் தார்ப்பாயில் கிடத்தினோம்.
நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று
நான் யோசித்து முடித்துவிடலாம்.

என் வேலை கழுத்து நாளம் தேடுவது.
ஃபாலுன் மருத்துவமனையில்
பதினாறு வருடம் ரத்தம் எடுத்த கை.
ரோமத்தை ஒதுக்கி விரலை வைத்ததும்
வாய் தானாகச் சொல்லிவிட்டது:
"கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்."
யாரும் சிரிக்கவில்லை.

குழாய்கள் உறைந்தால் எல்லாம் வீண்.
ஆறையும் சட்டைக்குள், அக்குளில் செருகிக்கொண்டு
கூடாரத்துக்கு ஓடினேன்,
அவள் சூடு என் விலாவில்.

கேள்வி சின்னது.
ஐந்து மாதம் அசையாத உடம்பில்
ரத்தம் ஏன் கட்டுவதில்லை?
பதினோரு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்துவந்த என் அண்ணன்
பெட்டிகள் சுற்றிவரும் பட்டையருகே சாய்ந்தான்.
கெண்டைக்காலிலிருந்து கிளம்பிய ஒரு கட்டி.
அவன் பெட்டி மட்டும்
மூன்று சுற்று வந்ததாம்.

பதிலில் பாதி, ஒரு புரதம்.
தட்டணுக்களில் அது இருந்தால் ரத்தம் சட்டென்று கட்டும்.
குளிர்காலத்தில் கரடியிடம்
ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது.
யால்மரிடமும்.

யால்மர், ஏழாம் வார்டு, சன்னல் பக்கம்.
மரம் வெட்டும் இயந்திரம் கவிழ்ந்து
தண்டுவடம் முறிந்து பதினான்கு வருடம்.
முதல் மாதம் கட்டி வந்தது, பிழைத்தார்.
பிறகு வரவே இல்லை.
கிடப்பதை உடம்பு எங்கோ கற்றுக்கொண்டுவிட்டது.
அவரிடமும் ஆறு குழாய்.
"என் தங்கை எப்படியிருக்கிறாள்?" என்பார்.
எடை கேட்பார். நகம் எவ்வளவு நீளம் என்பார்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வார்.
ஒரே ஒரு நாள்,
"அவள் ஏப்ரலில் எழுந்துவிடுவாள், இல்லையா?" என்றார்.
நான் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன்,
தேவைக்கும் அதிக நேரம்.

ஆகஸ்டு கடைசியில் வேட்டை திறக்கும்.
உரிமம், எண்ணிக்கை, எல்லை, எல்லாம் சட்டப்படி.
கழுத்துப்பட்டை கவசமில்லை.
செப்டம்பரில் இல்வாவின் திரையில்
ஒரு புள்ளி நகராமல் நின்றது,
நீலப்பழம் பழுத்த சரிவில்.
தூங்கப் போக இன்னும் ஒரு மாதம் இருந்தது.
சுட்டவர் ஒழுங்கானவர்.
பட்டையைத் துடைத்து, ஒரு பல்லோடு,
தபாலில் அனுப்பியிருந்தார்.
உறைமேல் கோணல் எழுத்தில்: ஆய்வுக்கு.

மைனஸ் எண்பதில், மூன்றாம் தட்டில்
அவள் ரத்தம் இருக்கிறது.
கட்டாத ரத்தம்.
உறைந்துதான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஏழாம் வார்டு எனக்கு.
எடை கேட்பார்.