கடைசிப் பெயர்

முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன்.
குடும்பப் பெயர் என்றது.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் அடுத்த பக்கம் நகராது.
ப. என்று போட்டேன்.
ஓர் எழுத்து பெயர் ஆகாது என்றது.
கோடு போட்டேன், புள்ளி போட்டேன்,
கடைசியில் அப்பாவையே எடுத்துப் போட்டேன்.
தையல்நாயகி பக்கிரிசாமி.
யாரோ வேற்றூர்க்காரி மாதிரி இருந்தாள்.

நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம்,
ஆறு வாரக் கோடைப் படிப்பு,
டெல்டாவில் தண்ணீரைப் பங்கிடுவது பற்றி.
ஜூன் பாதியில் தொடக்கம்.
அவர்களுக்கு அது கோடை.
எங்களுக்கு ஆனி.
மேட்டூரில் திறந்தது கல்லணை தாண்டி
மூணாறு தலைப்புக்கு வந்து நிற்கும் நேரம்.
அப்பா அங்கே லஸ்கர்.
ஷட்டர் சாவியும் டார்ச் லைட்டும் அவர் பொறுப்பு.

ஏன் இந்தப் படிப்பு, ஐந்நூறு சொற்களில்.
சிறு வயதிலிருந்தே ஆர்வம் என்று
முதலில் எழுதியிருந்தேன். பொய்.
சிறு வயதில் எனக்கு ஆற்றின் மேல் கோபம்தான்,
தண்ணீர் வந்துவிட்டால்
அப்பா ராத்திரி வீட்டுக்கு வரமாட்டார்.
அடித்துவிட்டு அதை எழுதினேன்.
கடைமடைக்கு ஆங்கிலம் தேடியதில் அரை மணி போனது.
கிடைத்த சொல்லில் மாட்டு வால் ஆடியது.
கடைமடை என்றே விட்டு
அடியில் விளக்கம் கொடுத்தேன்:
எல்லோரும் எடுத்த பிறகும்
மிச்சம் வரும் என்று நம்புகிறவர்கள் இருக்கும் இடம்.

கடைசி நாள். மதிப்பெண் பட்டியல்
போனிலிருந்து ஏற மாட்டேன் என்றது.
பிரௌசிங் சென்டர் கேட்டுக்கு அந்தப் பக்கம்.
நீடாமங்கலம் கேட்டைப் பற்றி
நான் சொல்லித் தெரிய வேண்டாம்.
என்ஜின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்
மாட்டிக்கொண்டு திரும்பும்வரை
இரண்டு பக்கமும் பஸ், லாரி, வைக்கோல் டிராக்டர்,
நடுவில் என் எதிர்காலம், ஒரு பென்டிரைவில்.
சைக்கிளைப் போட்டுவிட்டுக் குனிந்து ஓடினேன்.
கேட்கீப்பர் திட்டியது
அனுப்பு என்ற பொத்தானை அமுக்கும்வரை காதில் இருந்தது.

ஏப்ரலில் பதில் வந்தது.
அன்புள்ள பக்கிரிசாமி என்று தொடங்கியது.
அப்பாவிடம் போனைக் கொடுத்தேன்.
ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும் படிப்பார்.
இரண்டு தடவை படித்தார்.
"என்னையுமா கூப்புடுறாங்க?"
சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.
"ஜூன்ல எப்புடி வர்றது, தண்ணி தொறந்துடுவானே."

விசாவுக்கு வங்கியில் இரண்டு லட்சம் காட்ட வேண்டும்.
உரக்கடை நல்லமுத்து போட்டார்.
எங்கள் பாஸ்புக்கில் அந்தப் பணம்
கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு மாதிரி
ஓரமாக உட்கார்ந்திருந்தது.
யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.
அம்மா மட்டும் ஒரு நாள் விரித்துப் பார்த்துவிட்டு
அரிசி டப்பாவுக்குள் வைத்தாள்.

கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தேன்.
தம்பி தண்ணீர்ச் சொம்போடு நின்றான், மயக்கம் வந்தால் தெளிக்க.
பெட்டி இருபத்து மூன்று கிலோ தாண்டக் கூடாதாம்.
நெல் கொள்முதல் நிலையத் தராசில் ஏற்றினோம்.
சுமைதூக்கும் இளஞ்சியம் அண்ணன்
பெட்டியைத் தட்டிப் பார்த்து
"ஈரப்பதம் பதினேழு இருக்கும், காய வச்சு எடுத்தா" என்றார்.
இருபத்து நாலே கால்.
ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன், அம்மா திரும்ப வைத்தாள்,
எடுத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி
அப்பா தலைப்பிலிருந்து போன் செய்தார்.
பின்னால் தண்ணீர்ச் சத்தம்,
பாதிப் பேச்சு அதில் போனது.
பத்திரம், பாஸ்போர்ட், சாப்பாடு, இன்னும் என்னவோ.
பிறகு தெளிவாகக் கேட்டது:
"அங்கயும் ராத்திரி ஷட்டருக்கு
ஒத்த ஆளுதானான்னு கேட்டுட்டு வா."

புது நோட்டின் முதல் பக்கத்தில்
தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.