பதினோராம் விதி

புடாபெஸ்டில் நான்கு பல் நட்டுக்கொண்டு வந்தாள் டிம்ப்னா.
டோனகலில் சொன்ன விலையில் பாதி.
ஐந்தாண்டு உத்தரவாதம்,
முத்திரை குத்திய நீல அட்டையில்.

அடியில் எறும்பெழுத்தில் பதினோராம் விதி:
ஆண்டுக்கொருமுறை
இங்கேயே வந்து காட்டவேண்டும்.

டப்ளின்வரை நாலு மணி நேரப் பேருந்து,
விடியற்காலை விமானம்,
தனியே போகமாட்டாள், எனக்கும் ஒரு டிக்கெட்.
இரண்டு ராத்திரி விடுதி. எக்ஸ்ரேக்கு எண்பது யூரோ.
எங்கள் இருவரின் மூன்று நாள் கூலி.
டாக்டர் பார்தா கண்ணாடியால் ஒருமுறை தட்டி
"அழகு" என்பார். முத்திரை விழும்.

காய் கால் பணம்தான்.
சுமைகூலியை எந்த அட்டையில் எழுதினார்கள்?

நான்காம் முத்திரைக்கு மூன்று நாள் இருக்கையில்
புயல். விமானமெல்லாம் தரையில்.
அடுத்த மாதம்தான் இடம் கிடைத்தது.
வருந்துகிறோம், என்றது மின்னஞ்சல்,
தங்கள் உத்தரவாதம் காலாவதி.

அன்றிரவு அடுப்படியில் வெளிச்சம்.
எழுந்துபோய்ப் பார்த்தேன்.
மூன்றாண்டாய்த் தொடாத டாஃபி டப்பா
(அது ஏழாம் விதி)
திறந்து கிடந்தது.
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று,
கடித்துக் கடித்துக்
காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்றும் ஆகலை" என்றாள்,
ஏமாந்தவள் போல.